கன்னியாகுமரி மாவட்டத்துல வீட்டுல ஹோம்ஸ்டே தொடங்கணுமா? நான் ஏழு மாசம் அலைஞ்சதை நீங்க அலைய வேண்டாம்

குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற வழியில உள்ளே தள்ளி எங்க வீடு. வீட்டுக்காரர் கல்ஃப்ல இருக்காரு, நானும் மாமியாரும் ரெண்டு பிள்ளைகளும்தான் இங்க. மேல ரெண்டு ரூம் சும்மா கிடந்துச்சு, திற்பரப்பு அருவிக்கு வர்ற கூட்டம் காலையில குளிச்சிட்டு சாயந்திரத்துக்குள்ள கன்னியாகுமரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயிருது, நம்ம ஊர்ல அவங்க செலவழிக்கிறது ஒரு சாயாவும் பழம்பொரியும்தான், அதனால அந்த ரெண்டு ரூமை முறையா பதிவு பண்ணி விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம்னு இறங்கினேன். எல்லா பேப்பரும் கைக்கு வர ஏழு மாசம் ஆச்சு. எந்த வரிசையில பண்ணணும்னு யாராவது முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டரை மாசத்துல முடிஞ்சிருக்கும். அந்த வரிசையைத்தான் இங்க எழுதுறேன்.

இது சொந்த வீட்டுல, வீட்டுக்காரங்க அங்கயே குடியிருந்துகிட்டு நடத்துறவங்களுக்கு மட்டும். காலி இடத்துல புதுசா ரிசார்ட் கட்டுறவங்களுக்கு இது உதவாது.

1. ஒரு ரூபாய் செலவழிக்கிறதுக்கு முன்னாடி நிலத்தைப் பாருங்க

எல்லாரும் முதல்ல டைல்ஸ் கடைக்குப் போறாங்க. நானும் அப்படித்தான் போனேன். ஆனா முதல்ல பாக்க வேண்டியது பட்டா.

அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டா சிட்டா ஃப்ரீயா பாக்கலாம். மாவட்டம், தாலுகா, வருவாய் கிராமம், சர்வே நம்பர் குடுத்தா போதும். அதுல யாரு பேரு இருக்குன்னு பாருங்க. எங்க வீட்டுல மாமனார் பேரு இருந்துச்சு, அவரு தவறி ஆறு வருஷம் ஆகுது, யாரும் மாத்தல. இந்த மாவட்டத்துல பாதி வீட்டுல இதே கதைதான், அப்பா பேரு இல்லேன்னா தாத்தா பேரு. அதோட இன்னொரு விஷயம், நம்ம பக்கத்துல பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், நிறைய மலையாளத்துல இருக்கும், இப்ப உள்ள ஆபீஸ்ல அதை வாசிக்க ஆளு கிட்டாது, அதனால தமிழ்ல மொழிபெயர்த்து வாங்கி கூட வச்சுக்கோங்க. நான் இதுக்கே மூணு தடவை திரும்பி வந்தேன்.

பேரு மாத்தணும்னா வாரிசு சான்றிதழ் முதல்ல. இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டி அப்ளை பண்ணணும், விஏஓ, ஆர்ஐ விசாரிச்சு தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். எனக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் பட்டா மாற்றம். வாரிசுல ஒருத்தர் வெளிநாட்டுல இருந்தா இன்னும் கவனமா இருங்க. எங்க நாத்தனார் மஸ்கட்ல இருக்கா, அவ சம்மதம் வேணும்னாங்க, வாட்ஸாப்ல எழுதி அனுப்பினா போதும்னு நினைச்சேன், செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அங்க உள்ள இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி ஒரிஜினலை கூரியர்ல அனுப்பணும். இது ஒண்ணுக்கே எனக்கு அஞ்சு வாரம் போச்சு. உங்க வீட்டுலயும் இப்படி இருந்தா இதை இன்னைக்கே தொடங்கிருங்க, மத்ததெல்லாம் பக்கத்துல ஓடட்டும்.

அடுத்தது நிலம் எங்க இருக்குங்கிறது. நம்ம மாவட்டம் சின்னது, ஆனா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, ரெண்டுக்கும் சட்டம் வேற.

கடல் பக்கம்: கடலோர ஒழுங்குமுறை மண்டலம், எல்லாரும் சிஆர்இசட்னு சொல்லுவாங்க. உயர் அலைக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரை இது வரும், காயல், கழிமுகம் பக்கமும் உண்டு. மணக்குடி, முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் வீடு உள்ளவங்க இதைக் கண்டிப்பா பாக்கணும். ஊர்ல உள்ள உள்ளூர் ஜனங்க, மீனவர்கள் உட்பட, ஏற்கனவே இருக்கிற வீட்டுல ஹோம்ஸ்டே நடத்துறதுக்கு விதியில இடம் இருக்கு, ஆனா வீட்டோட தரைப்பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாத்தக் கூடாது. என் சித்தி மகள் முட்டம் பக்கத்துல இருக்கா, கடலைப் பாத்து ஒரு பால்கனி இழுத்துக் கட்டினா, கான்கிரீட் போட்ட பிறகுதான் விஷயமே தெரிஞ்சுச்சு, கடைசியில அதை இடிச்சா. ஒன்றரை லட்சம் ரூபாய். அந்தப் பழைய வீட்டை பெயின்ட் அடிச்சு அப்படியே விட்டிருந்தாலே விருந்தாளி வந்திருப்பாங்க, திண்ணையில உக்காந்தாலே கடல் தெரியுற வீடு அது.

மலைப் பக்கம்: தோவாளை, கல்குளம், விளவங்கோடு பக்கத்து சில கிராமங்கள் மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்துக்குள்ள வருது, ஹாக்கான்னு சொல்லுவாங்க. உங்க வருவாய் கிராமம் அந்தப் பட்டியல்ல இருந்தா புதுக் கட்டடத்துக்கு தனி அனுமதி வேணும். காட்டை ஒட்டி இருந்தா கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் எவ்வளவு தூரம்னும் கேட்டுக்கோங்க. தனியார் காடு சட்டத்துல வர்ற எஸ்டேட் நிலமும் நம்ம பக்கம் உண்டு, அதுல ஒரு மரம் வெட்டணும்னாலும் அனுமதி வேணும். விஏஓகிட்ட வாயால கேக்காம ஒரு வெள்ளைத்தாள்ல மனு எழுதி, ரசீது வாங்கி, பதிலையும் எழுத்துலயே வாங்குங்க.

2. ஃபைல் ஒண்ணு போடுங்க

ஒரு நல்ல பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி கீழ உள்ளதெல்லாம் ஒரிஜினல் ஒண்ணு, ஜெராக்ஸ் அஞ்சுன்னு வச்சுக்கோங்க. மொபைல்லயும் ஸ்கேன் பண்ணி வைங்க, ஒவ்வொண்ணும் 1 எம்பிக்குள்ள, பெரிய சைஸ்ல இருந்தா பல போர்ட்டல் ஏத்துக்காது.

ஆதார், பான், பட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், தண்ணி வரி இருந்தா அது, வீட்டோட பிளான், ரூம், பாத்ரூம், சமையல்கட்டு, முன்பக்கம், வழி எல்லாத்துக்கும் ஃபோட்டோ, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ பத்து.

பேரோட எழுத்து எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஆதார்ல அப்பா பேரு இனிஷியல் முன்னாடியும் பான்ல பின்னாடியும் இருந்ததால என் அப்ளிகேஷன் ஒண்ணு ரிஜெக்ட் ஆச்சு. முதல்ல ஆதாரைத் திருத்துங்க, அதை வச்சு மத்ததைத் திருத்திக்கலாம்.

3. ரூம்: என்ன வேணும், என்ன வேண்டாம்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் ஹோம்ஸ்டே திட்டத்துல ஒரு வீட்டுல 6 ரூம், 12 கட்டில் வரைக்கும்தான். சில்வர், கோல்டுன்னு ரெண்டு தரம். சில்வருக்கு ரூம் குறைஞ்சது 120 சதுர அடி, கோல்டுக்கு 200. நம்ம ஊர்ப் பக்கத்து பழைய வீட்டுல ரூமெல்லாம் 10க்கு 12 தான், அது சில்வருக்கு சரியா வரும். கோல்டுக்கு ஆசைப்பட்டு சுவரை இடிக்காதீங்க. விருந்தாளி யாரும் என்கிட்ட இதுவரை சில்வரா கோல்டான்னு கேட்டதில்ல, பாத்ரூம் சுத்தமா, கொசு இருக்கா, கார் நிறுத்த இடம் உண்டாங்கிறதுதான் கேக்குறாங்க.

நான் ரெண்டு ரூமுக்கு செலவழிச்சது மொத்தம் 2 லட்சத்து 35 ஆயிரம். அதுல பாதிக்கு மேல பாத்ரூமுக்குத்தான், வெஸ்டர்ன் டாய்லெட், ஹீட்டர், நல்ல குழாய், தரையில வழுக்காத டைல்ஸ். மெத்தை ரெண்டும் 28 ஆயிரம், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. கொசுவலை ஜன்னலுக்கு கட்டாயம், ரப்பர் தோட்டத்து நடுவுல இருக்கோம், சிரட்டையில மழைத்தண்ணி நின்னா கொசு எப்படி வரும்னு நமக்குத் தெரியும். தீயணைப்பான் ஒண்ணு, குடிக்க நல்ல தண்ணிக்கு ஃபில்டர், முதலுதவிப் பெட்டி, ஹேங்கர் போட்ட அலமாரி, இதெல்லாம் இன்ஸ்பெக்ஷன்ல பாப்பாங்க. ஏசி நான் போடல. மேல ஓடு, உள்ள மரத்தட்டு, ராத்திரி காத்து வருது, ஃபேன் போதும்.

செப்டிக் டேங்க் எங்க இருக்கு, கிணறு எங்க இருக்குன்னு அளந்து பாருங்க. ரூம் நிறைஞ்சா தண்ணிச் செலவு மூணு மடங்கு ஆகும், டேங்க் நிறைஞ்சு வழிஞ்சா பாதிக்கப்படுறது பக்கத்து வீட்டுக் கிணறு. நான் புது டேங்க்குக்கு 48 ஆயிரம் தனியா செலவழிச்சேன், மேல சொன்ன கணக்குல அது வராது.

பணத்துக்கு: 2025 மத்திய பட்ஜெட்ல ஹோம்ஸ்டேக்கு முத்ரா லோன், அதாவது சிறு தொழிலுக்கு அரசு திட்டத்துல பேங்க் தர்ற கடன், உண்டுன்னு அறிவிச்சாங்க. 50 ஆயிரம் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். ஈடு கேக்கக் கூடாது. பேங்க் மேனேஜர்கிட்ட போகும்போது கொட்டேஷனும் உத்யம் சர்டிஃபிகேட்டும் (சிறு தொழில் பதிவு, கீழ சொல்றேன்) கையில இருக்கணும், சும்மா போய் கேட்டா அடுத்த வாரம் வாங்கன்னுதான் சொல்லுவாங்க. நாகர்கோவில் கோணத்துல மாவட்டத் தொழில் மையம் இருக்கு, மானியத் திட்டம் என்னென்ன இருக்குன்னு அங்க போய்க் கேளுங்க.

4. பதிவு: இந்த வரிசையில போங்க

முதல்ல உத்யம். இது முழுக்க ஃப்ரீ. ஆதாரும் பானும் போதும், அரை மணி நேரத்துல நம்பர் வந்துரும். இங்கதான் பெரிய குழி. கூகிள்ல தேடினா முதல்ல வர்ற சில தளம் அரசு தளம் மாதிரியே கொடியெல்லாம் போட்டு இருக்கும், கடைசியில 2,500 ரூபாய் கட்டச் சொல்லும். நான் கட்டிட்டேன். தள முகவரி கடைசியில ஜிஓவி டாட் இன் இல்லேன்னா ஆதார் நம்பரைக் குடுக்காதீங்க.

ரெண்டாவது ஊராட்சி, இல்லேன்னா பேரூராட்சி. தொழில் உரிமத்துக்கு மனு குடுங்க, வீட்டு வரி பாக்கி இருந்தா கட்டிட்டுப் போங்க. போகும்போது என்ன பண்ணப் போறோம்னு வார்டு மெம்பர்கிட்டயும் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிருங்க. தெரியாத ஆளுங்க கார்ல வந்து ராத்திரி தங்கிட்டுப் போனா ஊர்ல நாலு பேச்சு வரும், நாம முந்தி சொல்லிட்டா அதே பக்கத்து வீட்டுக்காரங்க நமக்கு வழி காட்டுற ஆளா மாறிருவாங்க.

மூணாவது சாப்பாடு. காலைப் பலகாரம் குடுத்தாலே எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட பதிவு வேணும். ஃபோஸ்காஸ் போர்ட்டல்ல போய் அடிப்படைப் பதிவு எடுங்க, நான் எடுத்தப்போ வருஷத்துக்கு 100 ரூபாய், 12 லட்சம் வரை வரவு உள்ளவங்களுக்கு அது. அஞ்சு வருஷத்துக்கு சேத்து எடுத்துட்டேன். 14 இலக்க நம்பர் வரும், அதைப் பிரிண்ட் எடுத்து சமையல்கட்டுல மாட்டணும். இதுக்கு 3,000 கேக்குற ஏஜென்ட் உண்டு, வேண்டாம்.

நாலாவது போலீஸ். தமிழ்நாடு காவல்துறை தளத்துல சரிபார்ப்புச் சான்றுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம், நான் கட்டினது 500 ரூபாய், ரெண்டு வாரத்துல வந்துச்சு. அதோட உங்க ஸ்டேஷனுக்கு நேர்ல போய் ஹோம்ஸ்டே தொடங்குறேன்னு ஒரு கடிதம் குடுத்து சீல் வாங்கிக்கோங்க.

அஞ்சாவதா சுற்றுலாத்துறை. மாநில சுற்றுலாத்துறையில பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், ஹோம்ஸ்டேக்கு தனி ஆன்லைன் பதிவு இருக்கு, முதல்ல அதைப் பண்ணுங்க. மத்திய அரசோட தரம் வேணும்னா நிதின்னு ஒரு போர்ட்டல், அதுல பதிவு பண்ணி தரத்துக்கு அப்ளை பண்ணணும், கட்டணம் சில்வருக்கு 3,000, கோல்டுக்கு 5,000, கட்டுறதுக்கு முன்னாடி போர்ட்டல்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. ரெண்டுக்கும் வீட்டுக்காரங்க அங்கயே குடியிருக்கணும்ங்கிறதுதான் அடிப்படை, வாடகைக்கு எடுத்த வீட்டுல ஒரு வாட்ச்மேனை வச்சு நடத்தலாம்னு நினைச்சா நடக்காது. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவங்க எங்க வீட்டுல ஒரு மணி நேரம் இருந்தாங்க, குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்தாங்க, குப்பை எங்க போகுதுன்னு கேட்டாங்க, ரெஜிஸ்டரைப் புரட்டினாங்க. மாமியாரைக் கூப்பிட்டு நீங்க இங்கதான் இருக்கீங்களா அம்மான்னு கேட்டாங்க.

கரண்டுக்கு வீட்டு இணைப்பே போதுமா, வணிக இணைப்பு வேணுமான்னு உங்க செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் கேட்டு பதில் வாங்கிருங்க. பின்னாடி அபராதம் வந்தா மொத்த லாபமும் அதுலயே போகும்.

5. ரெஜிஸ்டர்

யாரு வந்தாலும் பேரு, முகவரி, அடையாள அட்டை, வந்த நேரம், போன நேரம். நம்ம ஆளுதானேன்னு விடாதீங்க. வெளிநாட்டுக்காரங்க வந்தா பாஸ்போர்ட், விசா விவரத்தை 24 மணி நேரத்துக்குள்ள குடியேற்றத்துறை தளத்துல ஏத்தணும், சி ஃபார்ம்னு சொல்லி வழக்கம். அதுக்கு முன்கூட்டியே யூசர் ஐடி வாங்கி வைக்கணும், விருந்தாளி வந்து நின்னதுக்கு அப்புறம் பதிவு பண்ணத் தொடங்கினா நேரம் பத்தாது. கேரளாவுல இருந்து வர்ற குடும்பத்துல ஒருத்தர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வச்சிருப்பாரு, அவரும் இதுல சேத்திதான்.

6. பணம் ஊருக்குள்ள எப்படிப் போகும்னு முதல் நாளே எழுதி வைங்க

எனக்கு ரொம்ப முக்கியம் இதுதான், மத்ததெல்லாம் பேப்பர் வேலை. ரூம் வாடகை மட்டும் வாங்கிட்டு இருந்தா நாம ஒரு சின்ன லாட்ஜ், அவ்வளவுதான். விருந்தாளி ஒரு நாள் கூடுதலா தங்குறதுக்குக் காரணம் நம்ம ரூம் இல்ல, ஊருதான். அப்ப ஊருக்கும் பங்கு போகணும்.

நான் தொடங்கினப்போ இதை வாய்ப்பேச்சா விட்டேன். பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற அண்ணன்கிட்ட விருந்தாளியை அனுப்பினேன், அவங்க ஒரு மணி நேரம் அவரு பின்னாடியே நடந்து ஃபோட்டோ எடுத்துட்டு தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அன்னைக்கு அவருக்கு அம்பது மரம் பாக்கி, வெயில் ஏறினா பால் ஒழுக்கு குறைஞ்சிரும், அதனால அன்னைக்குக் கூலியிலதான் அடி. அவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லல. மூணாவது தடவை நான் கேட்டப்போ, "இல்ல தங்கச்சி, நாளைக்கு வேண்டாம்"னு மட்டும் சொன்னாரு. அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. இப்ப ஒரு ஆளுக்கு 100 ரூபாய், நேரடியா அவரு கையில, காலையில ஆறு மணிக்கு பத்து மரம் மட்டும், அதுக்கப்புறம் ஷீட் அடிக்கிற புரையில போய்ப் பாக்கலாம். நான் நடுவுல கமிஷன் எடுக்கிறதில்ல.

அதே மாதிரி ஒரு தாள்ல எழுதி வாசல்ல ஒட்டியிருக்கேன். ஆட்டோ அண்ணனுக்கு நாள் வாடகை 1,500, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, சாயந்திரம் திரும்ப வீடு. தேன் கூடு வச்சிருக்கிற மாமாவுக்கு ஆளுக்கு 150, பெட்டியைத் திறந்து காட்டுவாரு, ஒரு துண்டு அடையை கையில தருவாரு. நம்ம மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர்ல இருந்து வருது, அதுவும் பூவுல இல்ல, இளந்தளிரோட காம்புல சுரக்கிற மதுவுல இருந்து, இதை அவரு ஒரு இலையைப் பறிச்சு அந்த முண்டைத் தொட்டு நக்கச் சொல்லும்போது விருந்தாளி முகத்தைப் பாக்கணும். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைதான் இது, மத்த மாசத்துல பெட்டி மட்டும் பாக்கலாம், அதையும் முன்னாடியே சொல்லிருங்க.

மீன் கொண்டு வர்ற அம்மா குளச்சல்ல இருந்து பஸ்ல வருவாங்க, ஒன்பது மணிக்கு எங்க வாசல்ல அலுமினிய பாத்திரத்தை இறக்குவாங்க. முதல்ல நான் டவுன்ல ஐஸ் மீன் வாங்கிட்டு இருந்தேன், கொஞ்சம் விலை குறைவுன்னு. ஒரு நாள் அவங்களே கேட்டாங்க, "மக்களே, உன் வீட்டுக்கு வந்த ஆளுங்களுக்கு என் மீனு போதாதா?" அதுக்கப்புறம் அவங்ககிட்ட மட்டும்தான். முந்தின நாள் போன் பண்ணி எத்தனை பேருன்னு சொல்லுவேன், சாளை, நெத்திலி, அயலை எது கிட்டுதோ அதுதான் மெனு. விசைப்படகுக்கு மீன்பிடித் தடை மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை, கிழக்குப் பக்கம் சின்னமுட்டத்துல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை, அந்த நாள்ல மீன் விலை ஏறும், அப்ப மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) காந்தாரி மிளகாச் சம்மந்தியும், சக்கை (பலா) காலம்னா சக்கைப் புழுக்கும் போடுங்க. விருந்தாளி யாரும் குறை சொன்னதில்ல. 2023ல புவிசார் குறியீடு கிட்டின நம்ம மட்டிப்பழம் காலையில ஒரு சீப்பு மேசையில கண்டிப்பா இருக்கணும். அதை விட்டுட்டு பிரெட் ஜாம் வைக்காதீங்க.

ஒரு கணக்கு சொல்றேன். கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஒரு தம்பதி ரெண்டு ராத்திரி தங்கினாங்க. ரூம் 3,600, சாப்பாடு 1,400, ஆக எனக்கு 5,000, அதுல மீனுக்கும் பாலுக்கும் காய்க்கும் 700 போச்சு, அதுவும் ஊர்லதான். ஆட்டோ 1,500, பால் வெட்டு 200, தேன்பெட்டி 300, தேன் ரெண்டு கிலோ 800, முக்குக் கடையில ஏத்தங்காய் உப்பேரியும் கருப்பட்டியும் 650. அதாவது 3,450 ரூபாய் என் கைக்கே வராம நேரா அவங்கவங்க கைக்குப் போச்சு. மாசக் கடைசியில நான் இந்தக் கணக்கை ஒரு நோட்டுல எழுதுறேன், இப்ப ஊர்ல யாரும் எங்க வீட்டுக்கு வர்ற காரைப் பாத்து முகம் சுளிக்கிறதில்ல.

மலையில வாழுற காணி பழங்குடி மக்களோட குடியிருப்புக்கு கூட்டிட்டுப் போறேன்னு பேக்கேஜ் போடாதீங்க. வனத்துறை அனுமதி இல்லாம அது தப்பு, அனுமதி இருந்தாலும் அந்த ஊர்க்காரங்க கூப்பிட்டாத்தான் போகணும். மனுஷங்க வீட்டை வேடிக்கை பாக்க ஆளைக் கூட்டிட்டுப் போறது எனக்குச் சம்மதம் இல்ல. காளிகேசம் மாதிரி வனத்துறை நடத்துற இடம் இருக்கு, அங்க அனுப்புங்க.

கடற்கரை ஊர்ல நடத்துறவங்களுக்கும் இதேதான், கரமடி, அதாவது கரையில நின்னு இழுக்கிற வலை, இழுக்கிறதைப் பாக்கணும்னா இழுக்கிறவங்ககிட்ட கேட்டு, அவங்க சொல்ற தொகையைக் குடுத்து, குறுக்க நிக்காம. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போற நேரத்துல கேமராவைத் தூக்கிட்டு கரைக்கு ஆளை அனுப்பாதீங்க.

7. வாடகை, ஆப், ஜிஎஸ்டி

புக்கிங் ஆப்ல போட்டா கமிஷன் 15ல இருந்து 20 சதவீதம் வரை போகும். முதல் ஆறு மாசத்துக்கு போடுங்க, பேரு தெரியணும், அதுக்கப்புறம் வந்தவங்களே அடுத்த ஆளை அனுப்புவாங்க. ஆப்ல கமிஷனைச் சேத்து விலை போடுங்க, நான் முதல்ல 1,500னு போட்டு கைக்கு 1,200 வந்து, வாஷிங்குக்கும் பலகாரத்துக்கும் போக ஒண்ணும் மிஞ்சல, இப்ப 1,800.

வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருந்தா ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், ஆப் வழியா வர்ற புக்கிங்குக்கு வரியை ஆப் கம்பெனியே கட்டணும். ரூம் 7,500 ரூபாய் வரைக்கும் இப்ப 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22ல இருந்து. ஜிஎஸ்டி எடுக்காட்டா பெனால்டி வரும்னு பயமுறுத்தி 6,000 கேக்குற போன் எனக்கு மூணு வந்துச்சு. கட் பண்ணுங்க.

8. தண்ணியும் குப்பையும்

தண்ணின்னு சொல்றது அருவி, அணை, ஆறு, கடல். இதுல நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளு. வெளியூர்க்காரங்களுக்கு கோதையாத்து ஒழுக்கும் தெரியாது, பேச்சிப்பாறை அணையில தண்ணி திறந்தா திற்பரப்புல எவ்வளவு வேகமா ஏறும்னும் தெரியாது. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல 5 மருத்துவ மாணவர்கள் அலையில போனது நம்ம எல்லாருக்கும் ஓர்மை இருக்கும், அன்னைக்கு கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது திடீர்னு கடல் பொங்கும்ங்கிற எச்சரிக்கை, இருந்துச்சு. அதனால தினமும் காலையில அணைத் தண்ணி விவரம், கடல் எச்சரிக்கை ரெண்டையும் பாத்து ஒரு சிலேட்டுல எழுதி வாசல்ல வைக்கிறேன். அருவிக்குத் தடைன்னா தடை, வேற வழியா போகலாம்னு யாருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க. 112, 108, கடலோரக் காவலுக்கு 1093, இந்த மூணு நம்பரும் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கணும்.

குப்பைக்கு: ஒருமுறை பயன்படுத்துற பிளாஸ்டிக் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை. ரூம்ல ஸ்டீல் சொம்பும் கண்ணாடி டம்ளரும் வைங்க, ஃபில்டர் தண்ணி எவ்வளவு வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்னு சொல்லுங்க. ஒரு வருஷத்துல எங்க வீட்டுல மட்டும் ஒரு சாக்கு பாட்டில் கூட சேரல. மிச்ச சாப்பாடு மாட்டுக்கும் வாழைக்குழிக்கும். குடிச்சிட்டு பாட்டிலை ஆத்துல வீசுற கோஷ்டியை புக்கிங் போன்லயே கண்டுபிடிக்கலாம், எத்தனை பேரு, குடும்பமான்னு கேளுங்க, மழுப்பினா ரூம் இல்லேன்னு சொல்லிருங்க. சீசன்ல ஒரு நாள் ரூம் காலியா கிடந்தாலும் பரவாயில்ல.

9. எந்த மாசத்துல என்ன

பேப்பர் வேலையை ஜூன்ல தொடங்குங்க. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), விருந்தாளி குறைவு, ஆபீஸுக்கு அலைய நேரம் கிட்டும். கட்டட வேலையை அந்த மழையில வைக்காதீங்க, ஆகஸ்ட், செப்டம்பர்ல பண்ணுங்க. அக்டோபர்ல துலா மழை தொடங்குறதுக்கு முன்னாடி ஓட்டு ஒழுக்கு சரி பண்ணி முடிச்சிருக்கணும். கார்த்திகை ஒண்ணாந் தேதியில இருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக் கூட்டம், அவங்களுக்கு சைவச் சாப்பாடும் அதிகாலைக் குளிக்கு வெந்நீரும் போதும், அந்த நாள்ல வீட்டுல மீன் சமைக்கிறதுன்னா முன்னாடியே சொல்லிருங்க. டிசம்பர் கடைசியில கன்னியாகுமரியில ரூம் கிட்டாம நம்ம பக்கம் வருவாங்க, 2024 டிசம்பர் 30ல கண்ணாடிப் பாலம் திறந்ததுல இருந்து கூட்டம் இன்னும் கூடியிருக்கு. நவம்பர்ல இருந்து மார்ச் வரை பறவை பாக்கிறவங்க வருவாங்க, மணக்குடி, புத்தளம் உப்பளம், சுசீந்திரம் தேரூர் குளம். தேரூர்க்காரங்களே, உங்க குளம் 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைப் பட்டியல்ல, வந்தாச்சு, சுத்தி ஒரு நல்ல ஹோம்ஸ்டே கூட என் கண்ணுல படல.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கிழமை லீவு. இதைத் தெரியாம நான் முதல் விருந்தாளியையே திங்கக்கிழமை அனுப்பிட்டேன், அவங்க ரெண்டு பஸ் மாறிப் போய் பூட்டுன கதவைப் பாத்துட்டு வந்தாங்க.

செலவு மொத்தமா: கட்டட வேலை, டேங்க் எல்லாம் சேத்து 2 லட்சத்து 83 ஆயிரம். பதிவுக் கட்டணம், ஜெராக்ஸ், பஸ், கூரியர் எல்லாம் சேத்து 9 ஆயிரத்துச் சொச்சம், அதுல அந்த 2,500 வீணா போனது. பட்டா உங்க பேர்ல சரியா இருந்தா இந்த ஒன்பது ஆயிரம் ஆறாயிரத்துல நிக்கும், மூணு மாசத்துக்குள்ள வாசல்ல போர்டு மாட்டிரலாம். போர்டு ரோட்டுக்கு வெளிய நீட்டாம உங்க மதிலுக்குள்ள இருக்கட்டும், பதிவு நம்பரை அதுலயே எழுதிருங்க.